வைத்தியரம்மா பதில்கள்: நோய் வந்தவர் செய்த பாவமா?

சென்ற இதழில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கொள்ளைநோய்க்கு வேர் அதர்மம் என்று ஆயுர்வேதத்தின் பழைய ஆசான் சரகர் சொல்கிறார் என ஒரே வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த வரிக்குத்தான் இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி. சேரன்மகாதேவிக்கு நேரில் வந்து கேட்டவர்களும் உண்டு. அதனால் மூட்டுவலி, தலைமுடிக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு. இந்த இதழ் முழுக்க அந்த ஒரு வரிக்கு.

அம்மா, 2021 மே மாதம் கொரோனாவில் என் அப்பா இறந்துபோனார். வாத்தியாராக இருந்தவர், ஒருவருக்கும் கெடுதல் நினைக்காதவர். துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரர் ஒருவர், ‘என்ன பாவம் செய்தாரோ, பிள்ளை கையால் கொள்ளிகூடக் கிடைக்கவில்லை’ என்றார். உங்கள் வரியைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. நீங்களும் அதையேதான் சொல்கிறீர்களா?
– ஓர் ஆசிரியை, வீரவநல்லூர்

இல்லை தாயி. ஒருபோதும் இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பாதியில் விட்ட வரி உங்கள் வீட்டில் போய்க் குத்தியிருக்கிறது. மன்னித்துவிடுங்கள். மீதியை இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சரகரின் நூலான சரக சம்ஹிதையில் விமானஸ்தானம் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதன் மூன்றாவது அத்தியாயத்துக்கு ‘ஜனபதோத்வம்ஸனீயம்’ என்று பெயர். ஜனபதம் என்றால் நாடு, உத்வம்ஸம் என்றால் அழிவு. ஊரோடு வாரிக்கொண்டு போகிற நோயைப் பற்றிய அத்தியாயம். கோடையின் கடைசி மாதம். பாஞ்சால நாட்டின் தலைநகர் காம்பில்யம். இன்றைக்கு உத்தரப் பிரதேசத்தில், பரூக்காபாத் மாவட்டத்தில் கம்பில் என்று இருக்கிற ஊர். அங்கே கங்கைக்கரைக் காட்டில், இந்த நூலில் பாடம் சொல்லும் குரு ஆத்ரேயர் தன் மாணவர்களோடு நடந்துகொண்டிருக்கிறார். வானத்தையும் காற்றையும் பார்த்துவிட்டு மாணவன் அக்னிவேசனிடம் சொல்கிறார்: பருவம் கெட்டுக் கிடக்கிறது, சீக்கிரமே மண்ணுக்குச் சத்து இல்லாமல் போகும், அப்புறம் மூலிகைக்கும் வீரியம் இருக்காது, இப்போதே பறித்து வையுங்கள்.

அப்போது அக்னிவேசன் ஒரு கேள்வி கேட்கிறான். திருவனந்தபுரத்தில் நான் படித்த காலத்தில் இந்த இடம் வந்ததும் எங்கள் ஆசிரியர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள் என்றார். கேள்வி இதுதான். ஒவ்வொருவருக்கும் உடல்வாகு வேறு, சாப்பாடு வேறு, பலம் வேறு, பழக்கம் வேறு, மனசு வேறு, வயசு வேறு. அப்படி இருக்கும்போது ஒரே நோய் ஒரே நேரத்தில் எல்லோரையும் எப்படிக் கொண்டுபோகும்?

ஆயுர்வேதம் படித்தவர்களுக்கு இது அடிமடியில் கை வைக்கிற கேள்வி. எங்கள் வைத்தியமே ஆளுக்கு ஆள் வேறு என்பதில்தான் நிற்கிறது. அண்ணனுக்குக் கொடுத்த கஷாயத்தைத் தம்பிக்குக் கொடுக்க யோசிப்போம். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆத்ரேயர் சொல்லும் பதில் எளிமையானது. ஆளுக்கு ஆள் வேறாக ஆயிரம் இருக்கட்டும், எல்லோருக்கும் பொதுவாக நான்கு இருக்கின்றன. காற்று, தண்ணீர், நிலம், காலம். இந்த நான்கும் கெட்டால் நல்லவன், கெட்டவன், பலசாலி, சீக்காளி என்று பார்க்காது.

உங்கள் அப்பா எப்படி வாழ்ந்தார் என்பது அவருடையது. அவர் மூச்சில் இழுத்த காற்று ஊருடையது. கொள்ளைநோயைச் சரகர் வைத்திருப்பது ஊருடைய பக்கத்தில், உங்கள் அப்பாவுடைய பக்கத்தில் இல்லை.

சரி, அதர்மம் எங்கே வருகிறது? இந்த நான்கும் ஏன் கெடுகின்றன என்று அக்னிவேசன் அடுத்துக் கேட்கும்போதுதான் வருகிறது. முன்செய்த தீவினை என்ற சொல்லும் அந்த இடத்தில் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ஆத்ரேயர் விரித்துச் சொல்வது வேறு. நாட்டுக்கும் நகரத்துக்கும் தலைமையில் இருப்பவர்கள் முதலில் முறை தவறுகிறார்கள். அவர்களை அண்டிப் பிழைப்பவர்கள் அதைத் தொடர்கிறார்கள். பிறகு நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் வியாபாரத்தில் பிழைப்பவர்களும் அதை வளர்த்துவிடுகிறார்கள். அப்புறம்தான் மழை தவறுகிறது, காற்று மாறுகிறது, நீர் வற்றுகிறது, மூலிகை கெடுகிறது. இந்த வரிசையில் படுக்கையில் கிடக்கும் நோயாளி எங்கே இருக்கிறார் என்று நான் பலமுறை தேடிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போய், நோய் இல்லாத ஆதிகாலத்தில் இது எப்படித் தொடங்கியது என்றும் சொல்கிறார். வசதி உள்ள சிலர் தேவைக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அதனால் உடல் கனத்தது. கனத்ததால் களைப்பு, களைப்பால் சோம்பல், சோம்பலால் சேர்த்துவைப்பது, சேர்த்துவைத்ததால் என்னுடையது என்ற பிடிப்பு, அதிலிருந்து பேராசை. இதை எழுதி 2000 ஆண்டு இருக்கும். 2020 மார்ச்சில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மூன்றடுக்கு முகக்கவசம் ஒன்று 10 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட வேண்டி வந்தது. அடுத்த வருஷம் உங்கள் அப்பா படுத்த அதே மாதங்களில் ஆக்ஸிஜன் சிலிண்டரையும் மருந்தையும் பதுக்கி விற்ற செய்திகள் வந்தன. அதர்மம் என்ற சொல்லை அங்கே கொண்டுபோய் வையுங்கள். அந்த உறவுக்காரர் மறுபடி வந்து பேசினால், இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

தெய்வங்கள் கைவிடும், ராட்சசர்கள் தாக்குவார்கள் என்றெல்லாம் சரகரின் அந்தக் கொள்ளைநோய் அத்தியாயத்தில் இருக்கிறதே? கிருமி என்றால் என்னவென்று தெரியாத காலத்தில் எழுதியதை இப்போது எதற்குக் கொண்டாட வேண்டும்?
– கல்லூரி மாணவர், பேட்டை

இருக்கிறது தம்பி. தெய்வங்கள் விலகுவதும் இருக்கிறது, ராட்சசக் கூட்டமும் இருக்கிறது. வைரஸைத்தான் ராட்சசன் என்று சொன்னார்கள் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். அந்த நூலை எழுதியவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. நம் திருநெல்வேலிச் சீமையில் 1809 முதல் 1811 வரை ஒரு பெரிய காய்ச்சல் வந்தது. மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் வரைக்கும் பரவியது. கிழக்கிந்தியக் கும்பெனி வைத்தியர்கள் குழுவாக வந்து பார்த்து எழுதிய அறிக்கை 1816-இல் லண்டனில் அச்சானது. அவர்களுக்கும் கொசுவால் காய்ச்சல் பரவும் என்று தெரியாது. மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897-இல், செகந்திராபாத்தில்.

நான் கொண்டாடுவது நம் பழைய வைத்தியர்கள் கண்ணால் பார்த்து எழுதி வைத்ததை. சரகர் கெட்ட நிலத்துக்கு அடையாளம் சொல்கிற இடத்தில் கொசு, ஈ, எலி மூன்றும் இருக்கின்றன. கெட்ட காற்றுக்குப் புகை, புழுதி, மணல், துர்நாற்றம். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசான் சுஸ்ருதர், குஷ்ட நோயைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில், நோய் ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் வழிகளை வரிசையாகத் தருகிறார்: நெருங்கிப் பழகுவது, உடம்பு தொடுவது, மூச்சு, சேர்ந்து சாப்பிடுவது, ஒரே படுக்கையில் படுப்பது, ஒரே இடத்தில் உட்காருவது, அடுத்தவர் உடுத்திய துணி, மாலை, பூசிய சந்தனம். குஷ்டத்தோடு காய்ச்சல், உடல் இளைக்கும் நோய், கண் அழற்சி இவையும் இப்படிப் போகும் என்கிறார். கண் அழற்சி என்றால் நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்கிறோமே, அந்த மாதிரி. இதைப் படித்துவிட்டு ஒருவன் தன் துண்டை அடுத்தவனுக்குக் கொடுக்காமல் இருந்தால் எனக்குப் போதும்.

தடுப்பூசி போட வேண்டுமா என்று கடிதத்தின் பின்பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டும். நான் போட்டுக்கொண்டேன். ஊரைக் காக்கும் காரியம் அது, அதுவும் தர்மம்தான்.

பாபநாசத்தில் பரிகாரத்துக்குக் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கேட்டால் சாஸ்திரம் என்கிறார்கள். ஆயுர்வேதத்தில் இதற்கு இடம் உண்டா?
– வாசகி, விக்கிரமசிங்கபுரம்

எந்த ஆயுர்வேத நூலிலும் நான் பார்த்ததில்லை. நேர் எதிராகப் பார்த்திருக்கிறேன். சரகர் ஸூத்ரஸ்தானம் எட்டாவது அத்தியாயத்தில் நல்லொழுக்கம் சொல்லும்போது, தண்ணீரை நோக்கி எச்சில்கூடத் துப்பாதே என்கிறார். எச்சிலுக்கே அப்படி என்றால் சேலைக்கும் வேட்டிக்கும் என்ன சொல்லியிருப்பார்?

போன ஆடியில் என் தங்கை மகளோடு பாபநாசம் போயிருந்தேன். படித்துறையில் காலை வைத்த இடத்தில் துணி. கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. அந்தப் பிள்ளை பயந்து ‘பெரியம்மா, பாம்பு’ என்று கத்திவிட்டாள். கையை விட்டு எடுத்தால் ஒரு சின்னக் குழந்தையின் சட்டை. யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன கஷ்டமோ, மனசு உருகி விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தமாக இருந்தது. பொதிகையிலிருந்து இறங்கி வந்த தண்ணீர் சமவெளியைத் தொடுகிற இடமே அதுதான். அதற்குக் கீழே அம்பை, கல்லிடை, சேரன்மகாதேவி, திருநெல்வேலி என்று புன்னைக்காயல் வரைக்கும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேர் குடிக்கும் நீரைக் கெடுத்துவிட்டு என் பாவம் போயிற்று என்று வீட்டுக்குப் போனால் அது எப்படிப் பரிகாரம் ஆகும்?

கெட்ட தண்ணீருக்குச் சரகர் தரும் அடையாளங்களில் நிறம், நாற்றம், சுவை, தொட்டால் தெரிகிற பிசுபிசுப்பு எல்லாம் உண்டு. அவற்றோடு இன்னொன்றும் சொல்கிறார்: நீர்ப்பறவைகள் விட்டுப்போன தண்ணீர். இதை வாசிக்கும்போதெல்லாம் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம்தான் எனக்கு நினைவுக்கு வரும். கூழைக்கடாவும் நாரையும் வந்து இறங்கினால் அந்த ஊர்க்காரர்கள் ஊருக்கு நல்லது வந்திருக்கிறது என்கிறார்கள், வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை. 1994-இல் அரசு சரணாலயம் என்று அறிவிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அப்படித்தான். சரகரை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைப் படித்துறைக்குக் கூட்டிப்போகும்போது கையில் ஒரு பை கொடுத்து அனுப்புங்கள். துணியைத் துவைத்து, உடுத்த இல்லாதவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊர் அழியும் காலத்துக்கான காப்பு என்று சரகர் சொல்லும் பட்டியலில் தானம் இருக்கிறது. ஆற்றில் துணி விடுவது இல்லை.

கொள்ளைநோய் வராமல் இருக்க ஆயுர்வேதத்தில் ஒரு நல்ல மருந்து சொல்லுங்கள் அம்மா. வீட்டில் நாலு பேர்.
– குடும்பத்தலைவி, மேலப்பாளையம்

ஒரு மருந்து சொல்லி முடித்துவிடலாம். ஆனால் 2012-க்குப் பிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

அந்த வருஷம் கடையநல்லூர்ப் பக்கம் தொடங்கி நம் மாவட்டமே டெங்குவில் தவித்தது. என் வைத்தியசாலையிலும் தினம் காலையில் நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தோம். அது சித்த மருந்து, நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. நான் ஆயுர்வேதம் என்றாலும் அந்த நேரத்தில் சித்தம், ஆயுர்வேதம் என்று யார் பார்த்தார்கள்? காலை ஆறரைக்கே வாசலில் சொம்போடு வரிசை நிற்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கொசு ஒழிப்பு வேலைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும், கையில் டார்ச். வரிசையைத் தாண்டிக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் போனாள். அங்கே என் அப்பா காலத்து ஆட்டுரல் ஒன்று கிடந்தது. மாவரைக்க மிக்ஸியும் கிரைண்டரும் வந்தபின் அதை யாரும் தொடுவதில்லை. குழியில் மழைத்தண்ணீர் நின்றது. டார்ச்சை அடித்து, ‘டாக்டரம்மா, கொஞ்சம் வந்து பாருங்க’ என்றாள். குழி முழுக்கப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் குழியைத் தேய்க்கச் சொன்னாள். முட்டை உரலின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, காய்ந்து கிடந்தாலும் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி மழை பெய்தால் பொரித்துவிடும் என்று விளக்கினாள். எனக்கு இவையெல்லாம் தெரியாதா? தெரியும். வாசலில் நிற்கிறவர்களுக்கு நானே தினம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கொல்லையை நான் பார்க்கவில்லை.

சரகர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார், பிரக்ஞாபராதம். அறிவு செய்கிற குற்றம். அறிவும் உறுதியும் நினைவும் தவறிப்போய் மனிதன் செய்யும் காரியம். அதர்மத்துக்கும் அதுதான் பிறப்பிடம் என்கிறார். கல்லூரியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம் விடை எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது அந்த ஆட்டுரல் முன்னால் நின்றபோதுதான். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு டெங்கு வந்தது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்துவிட்டான். அவனைக் கடித்த கொசு என் உரலில் பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்று என்னாலும் சொல்ல முடியாது. அந்தப் பையன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். தெருவில் என்னைப் பார்த்தால் ‘வணக்கம் ஆச்சி’ என்பான். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தக் குழி கண்ணில் வரும்.

உங்கள் வீட்டுக்குச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி, டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உரல். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் வைத்திருப்பதை மூடி வையுங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரம் ஒரு நாள். உங்கள் வீடு முடிந்ததும் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கொசுவுக்குக் காம்பவுண்டு சுவர் கிடையாது. அதற்குப் பிறகு கஷாயம் கேளுங்கள், தருகிறேன்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில், கண்ணகி மதுரையை எரித்தபின் பாண்டிய நாடு மழை இல்லாமல் வறண்டு ‘வெப்புநோயும் குருவும்’ தொடர்ந்தன என்று வருகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் சாந்தி செய்தபின் மழை பெய்து நோய் நீங்கியது என்றும் வருகிறது. அரசன் முறை தவறினால் நோய் வரும் என்ற சரகர் கருத்தும் இதுவும் ஒன்றுதானே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஸ்ரீவைகுண்டம்

ஐயா, உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். காம்பில்யத்தில் பேசியது நம் தாமிரபரணி முகத்துவாரத்துக் கொற்கையிலும் கேட்கிறதே என்று உடம்பு சிலிர்த்தது. வெப்புநோய் காய்ச்சல், குரு அம்மை. முதலில் நீதி தவறியது, பிறகு மழை தவறியது, பிறகு வறுமை, பிறகு நோய். சரகர் சொல்லும் அதே வரிசை. ‘முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்’ என்று வள்ளுவர் சொல்வதும் இதன் பக்கத்தில்தான் நிற்கிறது.

ஆனால் ஒன்றைத் தாங்கள் எழுதாமல் விட்டீர்கள். தெரியாமல் விட்டிருக்க மாட்டீர்கள். செழியன் செய்த சாந்தி என்ன? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று களவேள்வி என்ற பலிச் சடங்கு செய்தான். பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன். விசாரிக்காமல் தீர்ப்பு சொன்னவன் அரசன். நோய் வந்ததும் செத்தது அந்தத் தொழில் செய்த ஆயிரம் பேர். காவியத்தில் அதன்பின் மழை பெய்கிறது. எனக்கு மனசு ஒப்பவில்லை ஐயா, இத்தனை வருஷமாக ஒப்பவில்லை.

சரகரின் சாந்திப் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாந்தி, பேதி முதலான ஐந்து சுத்தி முறைகள். முன்னாலேயே பறித்து வைத்த மூலிகைகளால் ரசாயனம், அதாவது உடலைத் தேற்றும் மருந்து. அப்புறம் சத்தியம். உயிர்களிடத்தில் தயை. தானம். பலி, தெய்வ வழிபாடு. நல்லொழுக்கம். மன அடக்கம். தன்னைக் காத்துக்கொள்வது. நோய் இல்லாத நல்ல இடத்துக்குப் போய் இருப்பது. பிரம்மசரியம். நல்லவர்களோடு சேர்ந்து அறநூல் பேசுவது. இதில் தயை ஏன் வந்தது என்று இளம் வயதில் எனக்குப் புரியவில்லை. காய்ச்சலுக்கும் தயைக்கும் என்ன சம்பந்தம்?

2020-இல் புரிந்தது. நோய் வந்த வீட்டைத் தகரம் வைத்து அடைத்தார்கள். வெளியூரிலிருந்து திரும்பியவனைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். இன்ன மதத்துக்காரர்களால்தான் பரவியது என்று பேசினார்கள். விளைவு என்ன? இருமல் வந்தவன் வெளியே சொல்லவில்லை. சொன்னால் ஊர் ஒதுக்கும் என்று மறைத்து, கடைக்கும் கல்யாணத்துக்கும் போனான். என்னிடமே ஒருவர் ‘சாதாரணச் சளிதான் அம்மா’ என்று பொய் சொல்லி மருந்து வாங்கிப்போனார். மூன்று நாளில் அவர் வீட்டில் ஐந்து பேர் படுத்தார்கள். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் பொய் சொல்லும்படி பயமுறுத்தியது நாம். தயை இருக்கிற தெருவில்தான் நோயாளி உண்மை சொல்வான். அந்தப் பட்டியலில் சத்தியமும் தயையும் அடுத்தடுத்து நிற்பதற்கு நான் கொள்ளும் பொருள் அது. உரையாசிரியர்கள் அப்படி எழுதவில்லை, இது என் வாசிப்பு.

நம் ஆச்சிமார் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். வெளியாள் உள்ளே வர மாட்டார், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வீட்டார் விசேஷ வீடுகளுக்குப் போக மாட்டார்கள். விலக்கி வைத்ததுதான், ஆனால் அந்தப் பிள்ளையை ‘ஆத்தா வந்திருக்கிறாள்’ என்று சொல்லி விலக்கினார்கள். வாசலில் இளநீரும் நுங்கும் வைத்துவிட்டுப் போவார்கள். என் சின்ன வயசில் எனக்கு அப்படி வந்திருக்கிறது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். வாயைப் பொத்தித் தும்ம வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். இது கொரோனாவுக்குப் பிறகு வந்த பழக்கம் என்று தாத்தா சொல்கிறார். சரியா?
– மாணவி, களக்காடு

தாத்தாவிடம் மெதுவாகச் சொல்லு கண்ணு, வாயை மூடாமல் தும்மாதே, கொட்டாவி விடாதே, சிரிக்காதே என்று சரகரே எழுதியிருக்கிறார். வழியில் சிறுநீர் கழிக்காதே, நாலு பேர் இருக்கும் இடத்தில் கழிக்காதே, கை கால் முகம் கழுவாமல் சாப்பிடாதே என்பதும், மேலே சொன்ன எச்சில் துப்பாதே என்பதும் ஒரே அத்தியாயம். சிரிப்பதற்கு மட்டும் நான் உனக்கு விலக்குத் தருகிறேன். நன்றாக வாய் விட்டுச் சிரி.

ஊரோடு சாவு வந்தால் அது விதி, வைத்தியம் என்ன செய்யும் என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சரகர் விதியைப் பற்றி ஏதாவது சொல்கிறாரா? இன்னொன்று, காய்ச்சலில் வெந்நீர் மட்டும்தான் குடிக்க வேண்டுமா?
– விவசாயி, முக்கூடல்

உங்கள் இரண்டு கேள்வியும் முதலில் சொன்ன கொள்ளைநோய் அத்தியாயத்தில், இதே வரிசையில் இருக்கின்றன அண்ணாச்சி. அக்னிவேசனும் ஆயுள் முன்கூட்டியே குறித்ததா என்று கேட்கிறான். ஆத்ரேயர் வண்டி அச்சைக் காட்டுகிறார். நல்ல மரத்தில் செய்த அச்சு, சரியாக ஓட்டினால் அதன் காலம் வரைக்கும் உழைத்துத் தேய்ந்துதான் போகும். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால், பள்ளம் மேட்டில் விட்டால், வழி இல்லாத இடத்தில் ஓட்டினால், ஓட்டுகிறவன் தவறினால், கடையாணி கழன்றால், மசகு போடாமல் விட்டால் நடுவழியில் முறியும். முறிந்த அச்சைப் பார்த்து அதன் விதி என்று சொல்வீர்களா? வண்டி வைத்திருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விதி என்று ஒன்று உண்டு, மனித முயற்சி என்று ஒன்றும் உண்டு, எது பலமாக இருக்கிறதோ அது மற்றதை அமுக்கும் என்பது அவர் பதில்.

இவ்வளவு பெரிய விஷயம் பேசி முடித்தபின் அக்னிவேசன் கேட்கும் கடைசிக் கேள்வி, காய்ச்சல்காரனுக்கு வைத்தியர்கள் ஏன் வெந்நீர் கொடுக்கிறார்கள் என்பது. காய்ச்சல் இரைப்பையில் தொடங்குகிறது, வெந்நீர் அங்கே செரிக்காமல் கிடப்பதைச் செரிக்க வைக்கும், பசியைத் தூண்டும், கபத்தைக் கரைக்கும், கொஞ்சம் குடித்தாலும் தாகம் தீரும் என்கிறார். ஆனால் பித்தம் மிஞ்சி உடம்பு எரிந்தாலோ, மயக்கம், பிதற்றல், பேதி இருந்தாலோ சூடாகக் கொடுக்கக் கூடாது, அப்போது ஆறியதுதான் ஏற்றது.

கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரை எந்தக் காய்ச்சலிலும் பயமில்லாமல் குடிக்கலாம். பேதி சேர்ந்திருந்தால் அந்தத் தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளந்து கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தண்ணீர் எடுக்கும் குடத்துக்கு மூடி இருக்கிறதா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.